கூஸ் குஞ்சின் இறக்கை வெளியே திரும்பினால்: கட்டும் தீவனமும் நாள் கணக்கும்

முட்டையை விட்டு வெளியே வரும் கூஸ் வாத்துக் குஞ்சு ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். பெரிய இனமாக இருந்து வயிறாரத் தின்றால் எட்டே வாரத்தில் 4 கிலோவைத் தொட்டுவிடும். அதாவது 40 மடங்கு. இந்த ஓட்டத்தில் எல்லா உறுப்பும் சேர்ந்து ஓடுவதில்லை. முதலில் கால் திரள்கிறது, பிறகு உடல் பருக்கிறது, இறக்கை கடைசியில்தான் எழுந்து வருகிறது. அது அவசர அவசரமாக வளரும் 4 முதல் 8 வாரங்களுக்குள்தான் இறக்கைக் கோளாறுகளில் பெரும்பாலானவை தலைகாட்டும். அவற்றில் அதிகம் பார்ப்பது, இறக்கையின் நுனி உடலோடு படியாமல் வெளிப்பக்கம் திரும்பி நிற்பது. வளர்ப்பவர்கள் இதை ஏஞ்சல் விங் என்கிறார்கள். ஏரோபிளேன் விங், ஸ்லிப்டு விங் என்று கேள்விப்பட்டாலும் அது இதுவேதான். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் ஒரு சுருள் பேண்டேஜால் வீட்டிலேயே சரியாகிவிடும். சில வாரங்கள் தள்ளிப் போட்டால் எந்தக் கட்டும் உதவாது.

மணிக்கட்டில் என்ன நடக்கிறது

பறவையின் இறக்கை நம் கையைப் போன்ற அமைப்புதான்: தோள், முழங்கை, மணிக்கட்டு, அதற்கப்பால் ஒட்டிப்போன விரல் எலும்புகள். மடக்கி வைக்கும்போது இது ஒரு இசட் வடிவில் மடியும். மேற்கை பின்னோக்கிப் போகும், முன்கை முன்னோக்கி வரும், மணிக்கட்டில் திரும்பி நுனிப்பகுதி மறுபடி பின்னோக்கிப் போகும். பறக்க உதவும் 10 நீண்ட முதன்மை இறகுகளும் இந்த நுனிப்பகுதியில்தான் முளைக்கின்றன. சரியாக மடிந்த இறக்கையில் இவை முன்கை இறகுகளுக்கு அடியில் விசிறி மடக்கியதுபோல ஒளிந்துகொள்ளும்.

முளைக்கும் பருவத்தில் இந்த இறகுகளைக் கையில் பிடித்துப் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். ஒவ்வொன்றும் நீலம் ஓடிய கருநிறக் குழல். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். நுனியில் மட்டும் தூரிகைபோலக் கொஞ்சம் இறகு பிரிந்திருக்கும். குழலுக்குள் ஓடுவது ரத்தம். இந்த ரத்தக் குருத்துகள் முற்றிய இறகைவிடப் பல மடங்கு கனமானவை. அப்படிப் பத்துக் குருத்துகள், இன்னும் இறுகாத ஒரு மணிக்கட்டிலிருந்து தொங்குகின்றன. அந்த மூட்டைப் பிடித்து வைக்கவேண்டிய தசையும் நாணும் எடைக்கு ஈடுகொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஈடுகொடுக்க முடியாமல் போனால் நுனி முதலில் கீழே தொய்யும். ஓரிரு நாளில் மணிக்கட்டு வெளிப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். அதே நிலையில் எலும்பு கெட்டிப்பட்டால் முறுக்கு நிரந்தரமாகிவிடும்.

ஆகவே சிகிச்சையின் தர்க்கம் எளிது. குருத்தில் ரத்தம் வற்றி இறகு இலேசாகும் வரை, மணிக்கட்டின் சுமையை வேறொன்று தாங்கவேண்டும். கட்டு அந்த வேலையைத்தான் செய்கிறது. தீவனத்தை மாற்றுவது, சுமை ஏறும் வேகத்தையே குறைப்பதற்காக. இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு, "கட்டியும் சரியாகவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

எல்லாத் தொய்வும் ஏஞ்சல் விங் அல்ல

கட்டுவதற்கு முன்னால் இறக்கையைக் கையால் மடக்கிப் பார்க்கவேண்டும். எதிர்ப்பின்றி, வலியின்றி இயல்பான நிலைக்குப் போய், கையை எடுத்ததும் நுனி மட்டும் வெளியே விரிந்தால் அது ஏஞ்சல் விங். இறகு முனைகள் முதுகை ஒட்டாமல், அரைகுறையாகத் திறந்த கத்தரிக்கோல்போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் இடது இறக்கையாக இருக்கும். இரண்டிலும் வருவதும் உண்டு.

நான்கைந்து வாரக் குஞ்சு மேய்ந்து களைத்தபின் இரண்டு இறக்கையையும் சற்றுத் தொங்கவிட்டு நடப்பது இயல்பு. ஓய்வெடுத்தபின் அதுவாகவே தூக்கி மடக்கிக்கொண்டால் கட்டத் தேவையில்லை, கண்காணித்தால் போதும். வெயில் உச்சியில் இறக்கைகளை உடம்பிலிருந்து அகற்றிப் பிடித்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் அது சூட்டின் வேலை. நிழலும் தண்ணீரும்தான் மருந்து.

எலும்பு முறிவுதான் ஏமாற்றும். ஒரு இறக்கை திடீரென்று, ஒரே நாளில், அடியோடு தொங்கிப்போனால் சந்தேகப்படவேண்டும். வீக்கம், சூடு, பச்சை படர்ந்த கன்றல், தொட்டால் உதறுவது, விரலுக்கடியில் நறநறவென்ற உணர்வு ஆகியவை முறிவின் அடையாளங்கள். பறவை எலும்பு இரண்டு மூன்று வாரத்திலேயே ஒட்டத் தொடங்கிவிடும். கோணலாக விட்டால் கோணலாகவே ஒட்டும். எனவே முறிவு என்று தோன்றினால் இறக்கையை இயல்பாக மடக்கி, உடலைச் சுற்றித் தளர்வாக ஒரு கட்டுப் போட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகவேண்டும். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு ஏறி இறங்கித்தான் மூச்சு உள்ளே போகிறது. உடலைச் சுற்றிய கட்டு இறுகினால் குஞ்சு சத்தமில்லாமல் மூச்சுத் திணறிவிடும். மேற்கை எலும்பு உள்ளீடற்றது, காற்றுப்பையோடு தொடர்புடையது. அது தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் புண்ணில் தண்ணீரோ மருந்தோ ஊற்றக்கூடாது, நேரே மூச்சு மண்டலத்துக்குள் போய்விடும். சுத்தமான துணியால் மூடினால் போதும்.

வலிக்கென்று வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுப்பதும் வேண்டாம். டைக்ளோஃபினாக் எப்படிப்பட்டது என்பதைப் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்ததில் உலகம் பார்த்துவிட்டது. பறவையின் சிறுநீரகம் இப்படிப்பட்ட மருந்துகளை நம்முடையதுபோல் கையாளாது. ஏஞ்சல் விங்குக்கு வலி மருந்தே தேவைப்படாது.

கட்டுவது எப்படி

தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜ் சுருள்தான் இதற்கு ஏற்றது. வெட்ராப் என்று கேட்டால் கொடுப்பார்கள். இறகில் ஒட்டாது, தன்னோடு மட்டுமே ஒட்டும். 4, 5 வாரக் குஞ்சுக்கு 2.5 செ.மீ. அகலம், அதைவிடப் பெரியதற்கு 5 செ.மீ. அகலம். கிடைக்காவிட்டால் காஸ் துணிச் சுருளைச் சுற்றி, முனையை மட்டும் காகித டேப்பால் ஒட்டலாம். மின்கம்பிக்குச் சுற்றும் டேப், பார்சல் டேப் இரண்டும் கூடாது. பிரிக்கும்போது குருத்தையும் சேர்த்துப் பிய்த்துவிடும், ரத்தம் கொட்டும்.

சுருளிலிருந்து 40 செ.மீ. அளவுக்கு முன்கூட்டியே பிரித்து, இழுவிசை போகும்படித் தளரவிட்டு வெட்டி வைத்துக்கொள்ளவேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் கட்டை இறுக்கிவிடுகிறார்கள். இந்தப் பட்டை ரப்பர்போலச் சுருங்கும் தன்மை கொண்டது; கட்டும்போது தளர்வாகத் தெரிந்தது ஒரு மணி நேரத்தில் இறுகியிருக்கும்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குஞ்சை மடியில் வைத்து, கால்களை அடியில் அணைத்து, மற்ற இறக்கையை உடலோடு சேர்த்துப் பிடிக்கவேண்டும். ஒரு துணியால் தலையை லேசாக மூடினால் பெரும்பாலான குஞ்சுகள் அடங்கிவிடும். அடுத்தவர் கோளாறான இறக்கையை ஒருமுறை முழுக்க விரித்து, மணிக்கட்டை மெதுவாக நீட்டி மடக்கி, பிறகு இசட் வடிவில் மடக்குகிறார். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. முதன்மை இறகுகளை ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தி முன்கை இறகுகளுக்கு அடியில் செருகவேண்டும். ஒரு குருத்து வளைந்தோ குறுக்கிலோ மாட்டிக்கொண்டால் அது கட்டுக்குள் முறியும்.

பிறகு பட்டை. இறக்கையின் முன்விளிம்பில், மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை பின்னால் பட்டையின் முனையை வைத்து, வெளிப்புறமாக இறக்கி, இறகுகளின் அடிவிளிம்பைச் சுற்றி, உடலுக்கும் இறக்கைக்கும் நடுவே மேலே கொண்டுவந்து முனையோடு சேர்க்கவேண்டும். இதேபோல் இரண்டு அல்லது மூன்று சுற்று. முன்கையும் நுனிப்பகுதியும் ஒன்றோடொன்று படிந்து நிற்பதே நோக்கம். தோளும் முழங்கையும் அசையவேண்டும். கட்டியபின் குஞ்சு இறக்கையை உடலிலிருந்து தூக்க முடியவேண்டும். முன்விளிம்பில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு மெல்லிய தோல்மடிப்பு ஓடுகிறது. பட்டையின் ஓரம் அதில் பதிந்தால் புண்ணாகும், நாளாவட்டத்தில் தோல் சுருங்கி இறக்கையே முழுதாக விரியாமல் போகும். அந்த இடத்தில் சிறு பஞ்சுத் துண்டு வைத்துக்கொள்வது நல்லது.

பட்டைக்கு அடியில் சுண்டுவிரல் நுனி நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். நுழையாவிட்டால் பிரித்துக் கட்டவேண்டும், "பரவாயில்லை" என்று விடக்கூடாது. கையிலிருந்து இறக்கியதும் குஞ்சு பின்னோக்கி நடக்கும், தள்ளாடும், பட்டையைக் கொத்தும். அரைமணியில் மறந்துவிட்டு மேயப் போய்விடும்.

இரண்டு இறக்கையிலும் கோளாறு இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அதனதன் மேலேயே கட்டவேண்டும். இரண்டையும் முதுகுக்கு மேலே சேர்த்துக் கட்டுவதோ உடலோடு சேர்த்துச் சுற்றுவதோ ஆபத்து. கூஸ் குஞ்சு மல்லாந்து விழுந்தால் இறக்கையை ஊன்றித்தான் புரண்டு எழும். இறக்கை கட்டுண்டு கிடந்தால் மல்லாந்தபடியே செத்துப்போகும்.

எத்தனை நாள்

தொய்வு தெரிந்த அன்றோ மறுநாளோ கட்டினால் மூன்று நாளிலேயே சரியாகிவிடுவதுண்டு. முறுக்கு நன்றாகத் தெரிந்தபின் கட்டினால் நான்கைந்து நாள் தேவைப்படும். அந்தக் கெடு முடிந்ததும் மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோலால் பட்டையை வெட்டி எடுத்து (இழுத்துப் பிய்க்கக்கூடாது), இறக்கையை ஐந்தாறு முறை மெதுவாக விரித்து மடக்கிவிட்டு, குஞ்சை இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விடவேண்டும். அடித்துக்கொள்ளட்டும், ஓடட்டும். தசைக்கு அந்த வேலை வேண்டும். மாலையில் பார்க்கும்போது நுனி சரியாகப் படிந்திருந்தால் கட்டு வேண்டாம். மறுபடி தொய்ந்திருந்தால் இன்னொரு மூன்று, நான்கு நாள்.

ஒரு கட்டை அவிழ்க்காமல் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவைப்பதுதான் பெரிய தவறு. மூட்டு இறுகிவிடும், தசை மெலிந்துவிடும். முறுக்கு போய் விறைப்பு வந்து சேரும். இன்னொன்றும் உண்டு: இந்த வயதில் குஞ்சு நாள்தோறும் பருக்கிறது. திங்கட்கிழமை சுண்டுவிரல் நுழைந்த கட்டில் வியாழக்கிழமை தீக்குச்சிகூட நுழையாது. காலையிலும் மாலையிலும் இறக்கை நுனியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். நுனி குளிர்ந்திருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, நிறம் கருத்திருந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ உடனே பட்டையை வெட்டி எடுத்துவிடவேண்டும்.

கட்டு இருக்கும் நாட்களில் நீச்சல் வேண்டாம். ஈரப் பட்டைக்கு அடியில் தோல் ஊறிப் புண்ணாகும். ஆனால் தலையை முழுக்க முக்கும் அளவுக்கு ஆழமான வாளியில் தண்ணீர் இருந்தாகவேண்டும். கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவிக்கொள்ள அதற்கு வேறு வழியில்லை. நனைந்துவிட்டால் காயவைக்கப் பார்க்காமல் புதுக் கட்டு மாற்றுவதே சுலபம். கூட்டத்தில் உள்ள மற்றக் குஞ்சுகள் பட்டையைக் கொத்திப் பிடுங்கும். சிவப்பு, மஞ்சள் என்றால் கேட்கவே வேண்டாம். சாம்பல், பழுப்பு போன்ற மங்கிய நிறம் எடுத்தால் தொல்லை குறையும். குஞ்சைத் தனியே அடைத்து வைத்தால் ஓயாமல் கத்தும், தின்னாது. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் சாதுவான ஒன்றைத் துணைக்கு விடவேண்டும்.

இடையில் ரத்தக் குருத்து முறிந்தால் பதற்றம் வரும், ஏனென்றால் அது குழாய் உடைந்ததுபோலச் சொட்டும். சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். சோளமாவைத் தூவி அழுத்தலாம். அப்படியும் நிற்காவிட்டால் குருத்தை வேரோடு எடுக்கவேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதை மருத்துவரிடம் விடுவதே நல்லது. பாதி முறித்து மீதியை உள்ளே விட்டால் ரத்தம் நிற்காமல் போகும்.

தீவனத் தொட்டியில் பாதிக் காரணம்

குஞ்சுக்கு முதல் 3, 4 வாரம் 20 சதவீதப் புரதம் தேவை. அதன்பின் 15 சதவீதம் போதும். தப்பு நடப்பது இந்த மாற்றத்தில்தான். பிராய்லர் கோழிக்கான ஸ்டார்ட்டர் தீவனத்தில் 22 சதவீதம்வரை புரதம் இருக்கும். ஆறு வாரத்தில் கறிக்கு வெட்டப்போகும் கோழிக்காகச் செய்தது அது. அதையே கூஸ் குஞ்சுக்கு ஐந்தாவது, ஆறாவது வாரத்திலும் தொட்டி நிறையப் போட்டு வைத்தால், இரவும் விளக்கு எரிந்தால், அது விடிய விடியத் தின்னும். உடலும் குருத்தும் பாய்ந்து வளரும், மணிக்கட்டு பின்தங்கிவிடும். அடைத்து வைத்ததால் இறக்கையை அடித்துத் தசையை உரமாக்கவும் வழியிருக்காது.

கட்டுப் போட்ட அன்றே தீவனத்தையும் மாற்றவேண்டும். கூஸ் அடிப்படையில் புல் மேயும் பறவை. 5 முதல் 10 செ.மீ. உயரமுள்ள இளம்புல்லில் பகல் முழுக்க விட்டு, கலப்புத் தீவனத்தைக் காலையும் மாலையும் 15, 20 நிமிடம் மட்டும் வைத்து எடுத்துவிடலாம். இரவில் தீவனமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். கையில் 20 சதவீதத் தீவனம்தான் இருக்கிறதென்றால், 10, 11 சதவீதப் புரதமுள்ள முழு ஓட்ஸைச் சம எடைக்குக் கலந்தால் 15-ஐ ஒட்டி வரும். ஆனால் தானியம் கூடக்கூட வைட்டமினும் தாதுவும் நீர்த்துப்போகும். அதனால் கலவையைப் பெருக்குவதைவிடப் புல்லைப் பெருக்குவது நல்லது. புல் செரிக்கப் பருமணல் ஒரு கிண்ணத்தில் எப்போதும் இருக்கவேண்டும்.

பட்டினி போடவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. குஞ்சின் எடை ஏறிக்கொண்டேதான் இருக்கவேண்டும், ஏறும் வேகம் மட்டும் தணியவேண்டும். புரதத்தைக் குறைக்கிறேன் என்று முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்துக்குத் தாவுவது இன்னொரு பிழை. அதில் கால்சியம் 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வளரும் கூஸ் குஞ்சின் தேவை 0.6 சதவீதத்தை ஒட்டியது. உபரிக் கால்சியம் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

மாங்கனீசு, வைட்டமின் டி, வைட்டமின் ஈ குறைபாட்டுக்கும் இதில் பங்கிருப்பதாகக் கருதப்படுகிறது. முழுமையான தீவனமும் வெயிலும் பசும்புல்லும் கிடைக்கும் குஞ்சுக்கு இவற்றைத் தனியாகச் சொட்டு மருந்தாக ஊற்றத் தேவையிருக்காது. வைட்டமின் டி மிதமிஞ்சினால் கால்சியம் போய்ப் படியும் இடம் சிறுநீரகம்தான். நயாசின் என்ற பி வகை வைட்டமின் பற்றியும் ஒரு வார்த்தை. கூஸ் குஞ்சுக்குத் தொடக்கத் தீவனத்தில் கிலோவுக்கு 65 மி.கி. நயாசின் வேண்டும் என்பது உண்மை, குறைந்தால் கால் வளையும் என்பதும் உண்மை. ஆனால் திரும்பிய இறக்கையை நயாசின் திருப்பாது. எதற்கெடுத்தாலும் நயாசின் என்று சொல்பவர்கள் காலையும் இறக்கையையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ரொட்டிதான் காரணம் என்ற பேச்சு குளக்கரைகளில் பிரபலம். ரொட்டியில் விஷம் ஏதும் இல்லை. மாவுச்சத்து மிகுந்து, தாது குறைந்த வயிறு நிரப்பி அது. புல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, சிக்கல் அவ்வளவுதான். இன்னொரு பக்கம், எல்லாக் குற்றத்தையும் தீவனத்தின்மேல் போடவும் முடியாது. ஒரே தொட்டியில் தின்ற பத்தில் ஒன்றுக்கு மட்டும் வருகிறதென்றால் பரம்பரையும் இருக்கிறது. தைவானில் வளர்க்கப்படும் வெள்ளை ரோமன் இனக் கூஸ்களில் நடந்த ஆய்வுகள் இந்தக் கோளாறு பரம்பரையாகவும் தொடர்வதைக் காட்டியிருக்கின்றன.

காலம் கடந்துவிட்டால்

எட்டு வாரம் தாண்டியபின் கட்டிப் பார்ப்பதில் நட்டமில்லை, பலன் மட்டும் வேகமாகக் குறையும். மூன்று, நான்கு மாதமாகி, இறகுத் தண்டுகள் ரத்தம் வற்றி வெளுத்துவிட்டால் எலும்பும் முறுக்கிய நிலையிலேயே இறுகியிருக்கும். அப்போது கட்டுவது பறவையை வதைப்பது மட்டுமே. எலும்பை வெட்டித் திருப்பி வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. பறவை பறக்கவேண்டிய அவசியம் இல்லாதபோது யாரும் அதற்குப் போவதில்லை. வீட்டுக் கூஸ் எப்படியும் பெரிதாகப் பறப்பதில்லை. மேயும், நீந்தும், முட்டையிடும், ஆயுள் குறையாது. அந்தப் பறவையை இனவிருத்திக்கு வைக்காமல் இருந்தால் போதும்.

நீட்டிக்கொண்டிருக்கும் இறகுகள் வேலிக் கம்பியில் மாட்டும், இணைசேரும்போது இடையூறாகும். தண்டு வெளுத்திருப்பதை உறுதி செய்துகொண்டு, தோலிலிருந்து மூன்று விரற்கடை விட்டுக் கத்தரிக்கலாம், நகம் வெட்டுவதுபோலத்தான், வலிக்காது. தண்டில் நீலமோ சிவப்போ தெரிந்தால் அன்று வெட்டவேண்டாம். அடுத்த இறகுதிர்ப்புக்குப் பின் புது இறகு முளைக்கும், அதுவும் வெளிப்பக்கமாகவே நீளும். வருடத்துக்கு ஒருமுறை கத்தரிக்கோலை எடுக்கவேண்டி வரும்.